நாயைப் பார்க்கப் போகிறவர்

யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் திருச்செங்கோட்டு பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த குடியானவர், பக்கத்து அம்மாளிடம், "எங்க நாயைப் பாக்கப் போறேனுங்க" என்றார்.

"நாயையா? அது எங்கீங்க இருக்குது?"

"ஒரு தோட்டத்துக்காரர்கிட்ட உட்டிருக்கறனுங்க. எங்க ஊட்டுக்காரி காச்சல்ல போயிட்டாளுங்க. ஒடம்பெல்லாம் செவப்புச் செவப்பாத் தடிச்சுது. நாயோட உண்ணி கடிச்சதுன்னு டாக்டர் சொன்னாருங்க. நாயை அடிச்சுப் போடுன்னு ஊர்ல சொன்னாங்க. எனக்கு மனசு வரலீங்க. உண்ணியெல்லாம் எடுத்துட்டு, வேப்பெண்ணெய் பூசி அங்க கொண்டுபோயி உட்டனுங்க."

"இப்ப ஊட்ல ஆரு?"

"நான் ஒருத்தந்தானுங்க."

"உங்களைக் கண்டா ஓடியாருமே?"

"கிட்டப் போறதில்லீங்க. வேலிக்கு வெளிய நின்னு பாத்துட்டு வந்துருவனுங்க. என்னைக் கண்டா எங்கூடவே கெளம்பிருமுங்க."