அட்மினுக்குப் பரிவட்டம்

மகளை ஏனாத்தூர் விடுதியில் முதன்முதலாக விட்டுவிட்டு, படபடப்பு அடங்காமல் பஸ்ஸில் திரும்பினேன். முன் சீட்டில், கோயில் சுவரோவியங்களைப் பாதுகாக்கும் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள்.

“தர்மகர்த்தாவுக்கு எதுக்குடி நம்ம சுவர் குறிக்கிற ஆப்புல அட்மின் குடுத்த?” என்றாள் மூத்தவள்.

“பரிவட்டம் முதல்ல அவருக்குத்தானே கட்றாங்க? அதான்க்கா.”

“இப்ப நாம பார்க்க மட்டும்தான் முடியுது. மாத்தற உரிமையெல்லாம் புடுங்கிட்டாரு. கிழக்குச் சுவருல ஓவியம் இருக்குது, வெள்ளை அடிக்காதேன்னு எப்படிக் குறிக்கிறது?”

“மேஸ்திரிகிட்ட வாயால சொன்னேன்க்கா. ஆப்புல சிவப்பு வந்தாத்தான் நிறுத்துவாராம்.”

“நாமதான் அப்படிப் பழக்கினோம். தர்மகர்த்தாவுக்கே போடு.”

“காலையிலேர்ந்து போட்டுக்கினுதான் இருக்கேன்.”

இந்த முறை அவர் எடுத்தார். இளையவள் கேட்டுவிட்டு, போனை மடியில் வைத்தாள்.

“என்னவாம்?”

“கிழக்குச் சுவரு பளிச்சுன்னு வந்துடுச்சாம். போட்டோ ஏத்தியிருக்காராம். நம்மளைப் பார்க்கச் சொல்றாரு.”