கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

– மெல்லப் பேசு தம்பி. அதுங்க மிரளும்.

– மீனுக்குக் காது கேக்குமா அண்ணி?

– உன்னைவிட நல்லாவே கேக்கும். இந்தா, இந்தத் தீனியப் போடு. ஒரு சிட்டிகை போதும்.

– போட்டாச்சு... ஒண்ணுகூட வரலையே. சீக்கா?

– ஜீப்ரா மீனுக்கா? தண்ணி மாத்த மறந்தாலும் தாங்கும், குளிர்ந்து போனாலும் தாங்கும். கூட்டத்துலேர்ந்து பிரிச்சு விட்டாத்தான் வாடிப்போகும். வயிறு நிறைஞ்சிருக்கு, அதான் வரல.

– நீங்களே முன்னாடி போட்டிருப்பீங்க. மாசமா இருந்தா மறதி வருமாம்...

– மறதி எனக்கில்ல. அங்க பாரு, எல்லாம் எங்க நிக்குது?

– அந்தக் கோடியில... கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு.

– அது உங்கண்ணன் ரூம் பக்கம். சுவத்தை இடிச்சு, தொட்டியப் பாதி கூடத்துல பாதி அவர் ரூம்லன்னு வச்ச மனுஷன்தானே. அங்கேர்ந்துதான் தீனி போடுவாரு.

– வெளிச்சத்துக்குப் போயிருக்கும் அண்ணி.

– பூட்டின ரூம்ல என்ன வெளிச்சம்?

– அது வந்து...

– மோதிரத்தால கண்ணாடியத் தட்டுவாரே, டொக் டொக்குனு. அந்தச் சத்தத்துக்குத்தான் இப்படிக் கூட்டமா ஓடும். தினமும் கேக்குது.

– அண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போயிருக்காரு. நீங்க சும்மா மனசைக் குழப்பிக்காம...

– போதும் நடிச்சது. ரூம் சாவி உன்கிட்டதானே இருக்கு? நீதான் அவரை உள்ள விட்டிருக்கே.

– நானா?

– தொட்டியோரச் சந்துல புது டப்பா தீனி வச்சேன். அந்தப் பக்கம் போச்சு. காலி டப்பா திரும்பி வந்துச்சு. மீனா இழுத்துக்கிட்டுப் போச்சு?

– அண்ணி... கொஞ்சம் உக்காருங்க.

– எனக்குக் கோவம் இல்லைன்னு சொல்லு. "வீட்டை விட்டுப் போ"ன்னு நான்தான் வாய் தவறிச் சொல்லிட்டேன். பிள்ளை பொறக்குறதுக்குள்ள வெளிய வரச் சொல்லு தம்பி. என்னால இதுக்கு மேல முடியல.

– அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க...

– நீ இதைக் கேளு. இப்பக்கூடத் தட்டுறாரு. கேக்குதா இல்லையா?

– கேக்குது. எனக்கும் கேக்குது... உங்க பிரசவம் முடியட்டும்னு வாயை மூடிக்கிட்டிருந்தேன் அண்ணி. அந்த மோதிரத்தைப் போன வாரம் பிணவறையில அண்ணன் விரல்லேர்ந்து நான்தான் கழட்டினேன். இதோ, என் சட்டைப் பையில இருக்கு.