ரெண்டு முனை வயர்

— இல்லைன்னா இல்லதான். எத்தனை தடவ கேப்பே. இந்த வீட்டுல ஜெனரேட்டரும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அடுத்த வீட்டப் போய்த் தட்டு.

— பெரியவரே, நான் லைன்மேன். புயல் அடிச்சு இன்னையோட நாலு நாள். நாலு நாளா இந்த பூட்ஸக் கால்லருந்து கழட்டல. பொய் சொல்லி எனக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்ல.

— லைன்மேன்னு யாரு வேணாலும் சொல்லலாம். முந்தாநாள் கணக்கெடுக்க வந்திருக்கேன்னு ஒருத்தன் வந்தான், நோட்டும் பேனாவுமா. மறுநாள் பின் தெருவுல ரெண்டு ஜெனரேட்டரக் காணோம்.

— திருட வர்றவன் இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு, ஏணியத் தூக்கிக்கிட்டு, பட்டப்பகல்லயா வருவான்?

— விவரமானவன் அப்படித்தான் வருவான்.

— சரி. அப்ப உள்ள டபடபன்னு கேக்குதே, அது என்ன?

— என் வீட்டுக்காரி. குறட்டை.

— ஏங்க, நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்.

— நீ பேசாத. பேசினா மூச்சு வாங்கும்.

— பாத்ரூம்ல இருக்கு தம்பி. கதவச் சாத்தி... அடியில துணியத் திணிச்சு வச்சிருக்காரு. சத்தம் தெருவுக்குக் கேக்கக்கூடாதாம்.

— இவ ஒருத்தி போதும். வீட்டையே தூக்கிக் குடுத்துருவா.

— அம்மாவுக்கு என்ன உடம்புக்கு?

— நுரையீரல் பழுது. மூக்குல குழாய் இருக்குது பாரு. அந்த ஆக்சிஜன் மெஷின் ஓடினாத்தான் இவ உயிர் ஓடும். இப்பப் புரியுதா, ஏன் இல்லைன்னேன்னு? நீ அணைன்னுவே. கரண்டு வர்ற வரைக்கும் இவ மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்கணுமா? நாலு நாளா இந்தா வருது, இந்தா வருதுன்னது உங்க ஆபீசுதானே.

— ஆபீசுல சொன்னவன் கம்பத்துல ஏறல பெரியவரே. அம்மா, உங்களுக்குத் தலை வலிக்குதா?

— காலையிலருந்து. குமட்டிக்கிட்டும் வருது. இவரும் ரெண்டு தடவ... வாந்தி எடுத்தாரு.

— சாப்பாடு சேரல. அதுக்கு இப்ப என்ன?

— சாப்பாடு இல்ல. ஜெனரேட்டர் புகை. அதுல இருக்கற விஷம் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மெஷின் இந்த வீட்டுக்குள்ள இருக்கற காத்தத்தான் இழுத்து அம்மாவுக்குக் குடுக்குது. ஒரு கையால மூச்சு குடுத்து, இன்னொரு கையால பிடுங்கிக்கிட்டு இருக்கீங்க. ரெண்டு பேரும் கண் அசந்திருந்தா எழுந்திருக்கவே மாட்டீங்க. போன புயலுக்கு அப்படி ஒரு வீட்டுலருந்து அஞ்சு பேரத் தூக்கி வெளிய கிடத்தினவங்கள்ல நானும் ஒருத்தன்.

— பயமுறுத்தறே.

— எனக்கே பயமாத்தான் இருக்கு. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறங்க. மெஷின் இல்லாம அம்மா எவ்வளவு நேரம் தாங்குவாங்க?

— சின்ன சிலிண்டர் ஒண்ணு இருக்கு தம்பி. ஆஸ்பத்திரிக்குப் போறப்ப எடுத்துட்டுப் போறது. அரை மணி நேரம் வரும்.

— போதும்மா. அத மாட்டிக்கிட்டு வெளிய வந்து காத்தாட உக்காருங்க. பெரியவரே, நீங்க ஜெனரேட்டர அணைங்க. தூக்கிட்டுப் போய்க் கொல்லைக் கோடியில, சுவரு ஓரமா வைப்போம். ஜன்னல்லருந்து இருபது அடியாவது தள்ளி இருக்கணும். புகைக்குழாய் வீட்டப் பாக்கக்கூடாது. அங்கருந்து நீட்டு வயர் ஒண்ணு இழுத்து மெஷின மட்டும் ஓட்டுங்க. வேற எதுவும் வேண்டாம்.

— கொல்லையில வச்சா விடியறதுக்குள்ள காணாமப் போயிரும்.

— சங்கிலி போட்டு மரத்துல பூட்டுங்க. அப்படியும் போச்சுன்னா ஜெனரேட்டர்தான் போகும்.

— பேசக் கத்து வச்சிருக்கே. சரி, வந்து ஒரு பக்கம் பிடி.

— கைப்பிடியில பிடிங்க, மேல கை வைக்காதீங்க, கொதிக்குது. ஆறாம பெட்ரோல் ஊத்தக்கூடாது, சொல்லிட்டேன். ம்... இங்க வைங்க. அது என்ன கையோட இழுத்துக்கிட்டு வர்றீங்க? ரெண்டு பக்கமும் பிளக்கு வச்ச வயரா?

— ஆமா. ஒரு முனைய இதுல குத்தணும், இன்னொரு முனைய வீட்டுச் சுவத்துல குத்தணும். எல்லா ரூமுக்கும் வரும். லைட்டு, ஃபேன், அத்தனையும். படிச்சவன் எவனும் சொல்லித் தரல. நானே யோசிச்சது.

— மெயின அணைச்சீங்களா?

— எதுக்கு? அதுலதான் கரண்டே இல்லையே.

— இதத்தான் பெரியவரே காலையிலருந்து வீடு வீடாத் தேடறேன். ட்ரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸப் பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டு நிக்கறேன், இங்க பாருங்க. அப்படியும் கம்பத்துல டெஸ்டர் எரியுது. நீங்க சுவத்துல குத்தினது வீட்டோட நிக்கல. மீட்டரத் தாண்டித் தெருக்கம்பிக்குப் போயிருக்கு. மாமா கைய நீட்டறதுக்கு ஒரு சாண் முன்னாடி பாத்தாரு. அவரு கையுறை போன வாரமே கிழிஞ்சாச்சு. கேட்டா, வரும்னாங்க.

— மாமாவா?

— அந்தா, கம்பத்தடியில சாஞ்சு உக்காந்திருக்காரே, என் மாமனாரு. பொண்ணக் குடுத்ததும் அவருதான், வேலையக் கத்துக் குடுத்ததும் அவருதான்.

— நான் தெரிஞ்சு செய்யல.

— தெரிஞ்சு யாரும் செய்யறதில்ல. இத வெட்டிரட்டுமா?

— வெட்டு.

— அம்மா, நீட்டு வயர்ல மெஷின மாட்டியாச்சு. ஓடுது. இப்ப எப்படி இருக்கு?

— பரவால்ல தம்பி. தலை கொஞ்சம் லேசாயிருக்கு. நின்னு ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் போங்க.

— குடுங்கம்மா. மாமா, இப்பப் பாருங்க. டெஸ்டர் எரியலையா? அப்ப ஏறுங்க, இந்தா வந்துர்றேன். வீட்டக் கண்டுபிடிச்சாச்சு.

— கம்பி செத்துருச்சா?

— செத்துருச்சு. ஆறு மணிக்குள்ள உங்களுக்குக் கரண்டு. அப்புறம் நான் போய் இந்த பூட்ஸக் கழட்டுவேன்.

— இப்ப மணி என்ன?

— நாலாகப் போகுது. ஏன், உக்காருங்க பெரியவரே, முகம் வெளுத்துப்போய் இருக்கு.

— உன் மாமனார எறங்கச் சொல்லு, ஓடு. இதே மாதிரி வயர காலையில அஞ்சு வீட்டுக்கு நான் செஞ்சு குடுத்திருக்கேன். தொட்டிக்குத் தண்ணி ஏத்த நாலு மணிக்கு ஜெனரேட்டரப் போடறோம்னாங்க.