நஞ்சம்மாளுக்கு ரெண்டு நெஞ்சு

இல்லீங் டாக்டரம்மா, கரடியெல்லாம் இந்நேரத்துக்கு வராதுங்க. அதுக்கு ஆபீஸ் டைமு பொழுது எறங்குனதுக்கு அப்புறம்தான். வந்தாலும் டாக்டருங்களப் பாத்தா ஒதுங்கிப் போயிரும், வாத்தியாருங்களத்தான் தேடும். சும்மா சொன்னங்க. அந்தக் கல்லு காயுது, அதுல ஒக்காராதீங்க. இந்தாங்க என் துண்டு, நெழல்ல போட்டு ஒக்காருங்க. தொவச்சதுதான். எப்பன்னு மட்டும் கேக்காதீங்க.

உங்க ஜீப்பு டிரைவரு பாஷா அண்ணன் வந்துருவாருங்க. அந்தக் கெழங்கு லாரிக்காரன் நல்லவன். வீலயும் டிரைவரயும் மூட்டைங்க மேல ஒண்ணாத்தான ஏத்திக்கிட்டுப் போனான். அடிவாரத்துல காத்தடிச்சு, மேல வர்ற வண்டி ஏதாவதுல ஏத்தி வுட்ருவான். ஒரு வீலுன்னா ஸ்டெப்னிய மாட்டிட்டு இந்நேரம் அரூர்ல டீ குடிச்சிருப்பீங்க. ரெண்டு வீலுக்கும் ஒண்ணா காத்து போனா என்னாங்க பண்றது. மலை ரோடு அப்பிடி.

என்னைப் பாத்த மாதிரி இருக்குதுங்களா? பாத்துருப்பீங்க. காலையில எங்க மேக்காட்டு ஸ்கூலுக்கு ஜீப்பு ஏறி வந்தப்ப முன்னாடி ஓடி மாட்ட வெரட்டுனது நான்தான். படிக்கிற பையனான்னு கேட்டீங்க. ஹெட்மாஸ்டரு முந்திக்கிட்டு, பழைய மாணவன்னாரு. எட்டாவதுல பாதியில நின்னவனுக்கு எம்மாம் பெரிய பட்டம் பாருங்க. என்னமோ நான் கலெக்டராகி ஊரப் பாக்க வந்த மாதிரி.

பேரு அர்ச்சுனன்ங்க. தங்கச்சி பேரு பாஞ்சாலி. ம், எல்லாரும் சிரிக்கத்தான் செய்வாங்க. எங்கப்பன் கூத்துப் பாத்துட்டு வந்து வச்ச பேரு. பாதியில தூங்கிட்டாரு போல, யாருக்கு யாரு என்ன முறைன்னு தெரியாம வச்சுட்டாரு.

ஆமாங்க, ஏழாவது படிக்கிறாளே அந்தப் பாஞ்சாலிதான். உங்க பேப்பர்ல இருப்பா. பாத்தீங்களா அவள? எப்பிடி இருந்தா? காதுல கொழாய மாட்டி நெஞ்சக் கேட்டீங்களா? ஓ, கடிகாரமாட்டம் அடிச்சுதா. நல்லாருக்குதுன்னு எழுதியே குடுத்துட்டீங்களா.

அது அவ நெஞ்சு இல்லீங்க.

கோவப்படாதீங்க, சொல்றன். நீல ரிப்பன்ல ரெட்ட சடை போட்டுக்கிட்டு ஒரு புள்ள வந்துச்சில்ல. கன்னம் ரெண்டும் உப்பலா, கேக்கறதுக்கு முன்னாடியே நாக்க நீட்டுச்சே, அது. கோவிந்தன் கவுண்டர் மவ நஞ்சம்மா. அப்புறம் கடைசிக்குக் கிட்ட ஒரு புள்ள ஒத்தச் சடையோட, தலையக் குனிஞ்சுக்கிட்டே வந்துச்சில்ல. அதுவும் நஞ்சம்மாதாங்க. ஒரே புள்ளைய ரெண்டு தடவ பாத்துட்டீங்க. நல்ல ஒடம்புதான், நாலு தடவ பாத்தாலும் அதேதான் அடிக்கும். ஆனா பேப்பர்ல ரெண்டு நெஞ்சு ஆயிடுச்சு. பாஞ்சாலிக்கு ஒண்ணும் இல்லன்னு கெவருமெண்டுக்குப் போயிரும்.

ஏமாத்தணும்னு பண்ணல டாக்டரம்மா. எங்க ஸ்கூல்ல இதுதான் பழக்கம். எங்களுக்குத் தெரிஞ்சு மலை மேல ஜீப்பு வந்தா இன்ஸ்பெக்ஷன்தான். பெரிய ஆபீசரு வருவாரு, வாய்ப்பாடு கேப்பாரு. படிப்பு ஏறாத பசங்கள எல்லாம் அன்னிக்கி ஆட்ட ஓட்டிக்கிட்டு ஆலமரத்து வளைவுக்குப் போயிருங்கடான்னு முந்தின நாளே சொல்லிருவாங்க. நல்லாப் படிக்கிற புள்ள அவங்களுக்கும் சேத்து உள்ளேன் ஐயா சொல்லும். ஆபீசரு சந்தோசமா நல்ல ஸ்கூலுன்னு எழுதிக் குடுத்துட்டு, நாட்டுக்கோழி தின்னுட்டுப் போவாரு. ஹெட்மாஸ்டருக்கு நல்ல பேரு. ஸ்கூலு நிக்கும். நான் படிச்ச காலத்துல எல்லா இன்ஸ்பெக்ஷனுக்கும் நான் ஆட்டுக்காரன்தான். ஆடுங்களுக்கே என்னைப் பாத்தாத் தெரிஞ்சுரும், இன்னிக்கி ஸ்கூல்ல ஆபீசரு வந்துருக்காருன்னு. ஒரு தடவ அனுப்புனாங்க, ஆபீசரு போனதுக்கப்புறம் திரும்பி வாடான்னு சொல்ல மறந்துட்டாங்க. நானும் போவல. அப்பிடித்தான் பழைய மாணவன் ஆனது.

இப்ப நீங்க வர்றீங்கன்னதும் ஹெட்மாஸ்டரு அதையே பண்ணிட்டாரு. அவருக்கு என்னா தெரியும், கீழ ஏதோ ஒரு ஸ்கூல்ல டாக்டருங்க வந்து பூராப் புள்ளைங்களுக்கும் சொறின்னு எழுதிட்டுப் போயி, அந்த வாத்தியார மாத்திட்டாங்கன்னு யாரோ கதை வுட்டுருக்காங்க. மனுசன் நேத்து சத்துணவுக் கொட்டாய்கிட்ட நின்னுக்கிட்டு பிரிச்சாரு பாருங்க. இருமறவன் அந்தப் பக்கம், கண்ணு மாறு அந்தப் பக்கம், கால் வெளங்காதவன் அந்தப் பக்கம், சொறி பூரா அந்தப் பக்கம். நோவு இல்லாத புள்ளைங்க மட்டும் டாக்டரப் பாக்க இருங்க, நோவுள்ள புள்ளைங்க ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போங்கன்னாரு.

சிரிங்க, சிரிங்க. நானும் சிரிச்சன். அப்புறம் பாஞ்சாலி பேரச் சொன்னாரு.

அவளுக்கா? மொதல்ல முட்டி வீங்குச்சுங்க. ஓடியாடுற புள்ள, எங்கியாவது இடிச்சிருப்பான்னு வுட்டுட்டம். அப்புறம் மூச்சு. தண்ணிக் கொடத்த எறக்கி வச்சுட்டு பத்து வீடு தள்ளி இருக்கறவங்களுக்குக் கேக்கற மாதிரி வாங்குவா. அரூருக்குத் தூக்கிட்டுப் போனன். அங்க ஒரு டாக்டரு, நல்ல மனுசன், ரொம்ப நேரம் கேட்டாரு. நெஞ்சுக்குள்ள ஒரு கதவு இருக்குதாம், அது சரியா மூடலியாம், மெட்ராசு கொண்டு போவணும்னாரு. வந்து எங்கப்பன்கிட்டச் சொன்னன். கதவு மூடலன்னா என்னாடா, நம்ம வூட்டுக் கதவுந்தான் நீ பொறந்ததுலேருந்து மூடல, நாம உசுரோட இல்லியாங்கறாரு.

மெட்ராசுக்கு எப்பிடிங்க போறது? மொரப்பூருல ரயிலு ஏறணும்னு தெரியும். எறங்கி எந்தப் பக்கம் திரும்பணும்னு எங்கூர்ல ஒருத்தனுக்கும் தெரியாது. அப்பதான் நீங்க வர்ற சேதி. ஸ்கூலுக்கே டாக்டரு வருவாங்களாம், நோவு இருக்குதுன்னு அவங்க எழுதிட்டா கெவருமெண்டே வேன் வச்சுக் கூட்டிப் போயி, கூட ஒரு நர்சயும் அனுப்பி, பெரியாஸ்பத்திரியில சேத்துருமாம், வூட்டுக்காரங்க கூட ஒருத்தரு போலாமாம். ஸ்கூல்ல படிக்கிற புள்ளைங்களுக்கு மட்டுந்தானாம். ஹெட்மாஸ்டருதான் பிரேயர்ல படிச்சுக் காட்டுனாரு. படிச்ச மனுசன் படிச்சதக் கேட்டது நான் ஒருத்தந்தான் போல. வேலிக்கு வெளிய நின்னு கேட்டன்.

எங்கம்மாவா? அதுக்குத் தெரியாம இருக்குமா. நஞ்சம்மாளுக்கு அந்த ஒத்தச் சடைய யாரு பின்னி வுட்டதுன்னு நெனைக்கறீங்க. எங்கம்மாதாங்க. ஸ்கூலுக்குப் பின்னாடி வச்சு, நல்லா எண்ண வச்சு, பாஞ்சாலிக்குப் பின்ற மாதிரியே பின்னுச்சு. ஏம்மா இப்பிடிப் பண்றன்னன். நெஞ்சுல நோவுன்னு கெவருமெண்டு எழுதிட்டா நாளைக்கி எவன்டா கட்டுவான் அவளன்னுது. கட்டறதுக்கு மொதல்ல அவ இருக்கணும்ல அப்பிடின்னன். சீப்பாலயே ஒண்ணு போட்டுது. பின்னி முடிக்கறவரைக்கும் அழுதுக்கிட்டேதான் இருந்துது, அதையும் சொல்லணும்ல.

இல்லீங், மேல ஒண்ணும் இல்ல. சும்மா பாத்தன். ரோட்டப் பாக்கறது பழக்கம்.

அடுத்த வருசமா? வருவீங்க, வராம எங்க போவீங்க. அடுத்த வருசம் நஞ்சம்மாளுக்கு ஒரு நெஞ்சு போதும்னு ஆயிட்டா என்னாங்க பண்றது.

இல்லீங்க, அந்த மாதிரி சொல்லக் கூடாதுதான். வாய் என்னுது, அதுபாட்டுக்குப் பேசிரும். எல்லாரும் சிரிப்பாங்க, பாஞ்சாலிதான் அதிகமாச் சிரிப்பா. இப்ப அவ சிரிச்சாலும் மூச்சு வாங்குதுன்னு அவகிட்ட நான் ஒண்ணும் பேசறதே இல்ல. ஊமையாட்டம் பக்கத்துல ஒக்காந்துருக்கன். என்னாத்துக்கு மொகத்த இப்பிடி வச்சிருக்க, யாரு செத்துட்டாங்கன்னு அவ கேக்கறா.

தூக்கமா? படுக்க மாட்டேங்கறாளுங்க. படுத்தா தண்ணிக்குள்ள அமுக்கற மாதிரி இருக்குதாம். சொவத்துல சாஞ்சு ஒக்காந்தேதான் தூங்கறா. காலும் வீங்கிக் கெடக்குது. வெரலால அழுத்துனா பள்ளமா அப்பிடியே நிக்குது. ஏங்க, அது அவ்ளோ கெட்டதா? இப்ப எதுக்கு எந்திரிச்சீங்க? ஒக்காருங்க.

இப்பவே போயிக் கூட்டியாரச் சொல்றீங்க. சரிங்க. நான் மேல ஏறிப் போற நேரத்துல பாஷா அண்ணன் வீலோட வந்துட்டாருன்னா? இருப்பன்னு சொல்றீங்க, ஆனா அரை நிமிசத்துக்கொரு தடவ வாட்ச்சப் பாக்கறீங்களே. தப்பாச் சொல்லல. பொழுதுக்குள்ள தர்மபுரியில வண்டிய வுடணும், நாளைக்கி வேற தாலுக்கான்னு நீங்கதான சொன்னீங்க. அவரு வந்து ஆரன அடிச்சா நீங்க ஏறித்தான ஆவணும். அதனால நான் எங்கியும் போறதா இல்ல. இங்கியே ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்பன். மத்தியானம் எங்க ஹெட்மாஸ்டரு வூட்ல கோழி எப்பிடி இருந்துச்சு, அதச் சொல்லுங்க. நாட்டுக்கோழின்னா சொன்னாரு? அது எங்க வூட்டுதுங்க. நல்ல வயசாளி. என்கூடத்தான் ஒண்ணாவது சேந்துது.

வண்டிச் சத்தம் கேக்குதுங்களா? கீழ ரெண்டாவது வளைவு. ஆமா, லாரிதான். சரி, வந்துட்டாரு.

ஒக்காருங்க டாக்டரம்மா, அவரு வீல மாட்டறதுக்கு நேரம் ஆவும்ல. அதோ எறங்குறாரு பாருங்க. ஏன் வீலு மேல கைய வைக்காம வெரல்ல என்னமோ புடிச்சுக்கிட்டு வேகமா வராரு? அது கல்லுங்க. எள்ளவிட கொஞ்சம் பெருசா இருக்கும். டயருக்குக் காத்தடிக்கற வாய் இருக்குதில்ல, அதும் மூடிக்குள்ள அந்தக் கல்லப் போட்டுத் திருகிட்டா உள்ள ஊசிய அமுத்திக்கிட்டே இருக்கும், காத்து கொஞ்சங் கொஞ்சமா போவும். யாரு போட்டதுன்னு கேப்பாரு. நான்தாங்க. நீங்க கோழி தின்னுட்டு இருந்தீங்கல்ல, அப்ப. ஒரு வீலுக்குப் போட்டா ஸ்டெப்னி இருக்குதுன்னு ரெண்டுக்கும் போட்டன்.

அடிக்கட்டும்ங்க. நீங்களும் அடிங்க. இன்னொரு கொஞ்ச நேரம் கழிச்சு அடிங்க, அதான் கேக்கறன்.

ஆலமரத்து வளைவுல நிக்கும்னுதான் கணக்குப் போட்டன். ஆட்டுக்குப் போன புள்ளைங்க எல்லாம் அங்கதான் இருக்குதுங்க, இவளும் அங்கதான் மரத்துல சாஞ்சுக்கிட்டு. அங்க நின்னிருந்தா நீங்க எறங்கி நாலு எட்டு வச்சுருந்தாப் போதும். கணக்குல நான் எப்பவும் வீக்கு. நீங்க அதத் தாண்டி இவ்ளோ தூரம் எறங்கி வந்துட்டீங்க. ஜீப்பு பின்னாடியே ஓடியாரப்ப, இவளத் தூக்கியாங்கடான்னு அதுங்ககிட்டச் சொல்லிட்டு வந்தன். அதான் அதுங்களுக்கு இவ்ளோ நேரம் ஆவுது.

மேல பாருங்க. இப்பப் பாக்கலாம், வளைவு திரும்பறாங்க. முன்னாடி மூங்கில தோள்ல வச்சிருக்கறவன் ரங்கன், கால் விந்துவான், அதான் அந்த ஆட்டம். இந்தப் பக்கம் இருமிக்கிட்டே வர்றது ராமக்கா. பின்னாடி கண்ணு மாறுக்காரன், அவனுக்குப் பாதை ரெண்டாத் தெரியும், எதுலியோ ஒண்ணுல வருவான். சொறிப் பசங்க ஆளுக்கொரு பக்கம் தாங்கிட்டு வர்றாங்க. படுக்க வச்சுத் தூக்க முடியாதுங்கல்ல, அதனால நாக்காலியில ஒக்கார வச்சுக் கட்டியிருக்கு. உங்களுக்குத் தெரிஞ்ச நாக்காலிதான். காலையில நீங்க ஒக்காந்து எல்லார் நெஞ்சயும் கேட்டீங்களே, ஹெட்மாஸ்டரு நாக்காலி. அவரு தூங்கறாரு, எந்திரிக்கறதுக்குள்ள கொண்டு போயி வச்சிரலாம்.

நான் தூக்கியிருந்தா சீக்கிரம் வந்துருக்கும்தான். ஆனா யாராவது ஒருத்தன் இங்க நின்னு உங்ககிட்டப் பேசிக்கிட்டே இருக்கணும்ல. அதுக்கு எங்கூர்ல என்னை வுட்டா ஆளில்ல.

தலை ஏன் அப்பிடிச் சாஞ்சிருக்குதுன்னு எனக்குத் தெரியலீங்க. ரோடு ஆட்டத்துல இருக்கும். கையத் தூக்கறா பாருங்க. தூக்கலியா? எனக்கு அப்பிடித் தெரிஞ்சுது. பாஷா அண்ணா, அடிக்கறத அப்புறம் வச்சுக்க, அந்தப் பொட்டிய எடு. டாக்டரம்மா, செருப்ப வுட்டுட்டு ஓடறீங்களே, முள்ளு. சரி ஓடுங்க, நானும் வரன். நஞ்சம்மா நெஞ்ச ரெண்டு தடவ கேட்டீங்கல்ல, அதுல ஒரு தடவ எங்களுதுங்க.