அக்காளுக்கு வந்த அப்பாவின் நெஞ்சு

விருதுநகர் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அக்காளும் தங்கையும் இருந்தார்கள்.

"அப்பா நெஞ்சையும் நீயே வாங்கிக்கிட்டியாக்கா?" என்றாள் தங்கை. "அவரு வெடிமருந்து நெடியிலதான் செத்தாருன்னு, உன்னைய மட்டும் அச்சாபீசு வேலைக்கு அனுப்புனாக. நான் இன்னும் வெடிக் கம்பெனியில கெடக்கேன்."

"நெடி இல்லடி. ஸ்கேன்ல எனக்கு இதயச் சதை தடிச்சிருக்கு. அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்குமாம். பரம்பரையா வருமாம். கூடப்பொறந்தவுக, பிள்ளைக எல்லாரும் ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு."

தங்கை அக்காள் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு இல்லன்னு வந்துட்டா, எம்மேல உனக்குப் பொறாமையா இருக்கும்ல?"

"இருக்கும்டி. அப்படிப் பொறாமைப்படணும்னுதான் உன்னையக் கூட்டிட்டுப் போறேன்."