ஃபோனில் சொன்ன ரிப்பேர்

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் எடுத்த எடுப்பில் மதர்போர்டைச் சந்தேகப்படக் கூடாது, சார். பெரும்பாலும் உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டி, பவர் சப்ளைதான் போயிருக்கும். தமிழ்செல்வனுக்கு இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

நானும் அவனும் ஆரணியில் பதினொரு வருஷம் கூட்டாகக் கடை நடத்தினோம். பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுத் தறிக்குக் கொடுக்கும் வேலை. வரைவது நான், பார்ட்டிகளிடம் பேசுவது அவன். என் வீட்டில் அவனுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பார்கள்.

என் தங்கை மஹிமாவின் கல்யாணத்துக்கு நாலு மாதம் உட்கார்ந்து ஒரு கரை வரைந்தேன். ஒரே புடவை, அதோடு டிசைனை அழித்துவிடுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். முகூர்த்தம் முடிந்து பந்தியில் உட்கார்ந்தால், சாம்பார் ஊற்ற வந்த பெண் அதே கரையைக் கட்டியிருக்கிறாள். பவர்லூம் புடவை. மஹிமா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் விற்றுவிட்டதாகவே நினைத்துவிட்டாள். இன்றுவரை என்னோடு பேச்சு இல்லை.

பவர்லூம்காரனுக்குப் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தது தமிழ்செல்வன். கேட்டதற்கு, ஒரு பூ டிசைனுக்கா இவ்வளவு பேஜார் என்று சிரித்தான்.

போன செவ்வாய்க்கிழமை காலை, கெட்டுப்போன பவர் சப்ளை ஒன்றை அவன் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டுக் கலசப்பாக்கத்துக்குப் பஸ் ஏறினேன். பதினொரு மணிக்கு ஃபோன் வந்தது.

"அரி, ஃபேனே சுத்தலடா. பார்ட்டி வந்துகினு இருக்காரு, ஜல்தியா சொல்லு."

வரிசையாகச் சொன்னேன். ஒயரை அழுத்திப் பார்க்கச் சொன்னேன், வேறு பிளக்கில் மாட்டச் சொன்னேன். பிறகு பவர் சப்ளையின் நாலு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியைத் திறக்கச் சொன்னேன். கடைக்குள் நாங்கள் செருப்புப் போடுவதில்லை. அது எனக்கு ஞாபகம் இருந்தது.

"உள்ள அலுமினியத் தகடு இருக்கும். சூடாவுதான்னு தொட்டுப் பாரு."

"பிளக்கப் புடுங்கிட வேணாமா?"

"வேணாம். நான் சொல்றன் இல்ல."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. நான் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்துவிட்டு ஃபோனை அணைத்தேன்.

கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆத்திரத்தில் செய்தேன் என்றெல்லாம் போட வேண்டாம். ஆனால் நம்பிக்கைத் துரோகம் என்று ஒரு வார்த்தை சேர்த்திருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அது அவன் செய்தது. என் விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை, சார். கடைசிவரை அவன் என்னை நம்பிக்கொண்டுதான் இருந்தான்.