அசையாததைப் பாரு

– வேண்டாம் உலகு. நீ போயி பாத்துட்டு வா. நான் இங்கன இந்த பெஞ்சுலயே இருக்கேன்.

– டிக்கெட்டு எடுத்தாச்சுல்லா அண்ணே. அருவியிலதான் தண்ணி கூடிப்போச்சு, குளிக்க விடமாட்டோம்னுட்டான். குத்தாலத்துக்கு வந்து பெஞ்சுல இருக்கதுக்கா எங்களக் கூட்டியாந்திய?

– பிள்ளைக்காவ வந்தது. அவளும் ஒம் மைனியும் இந்தப் பார்க்குத் தண்ணிச் சறுக்குல கெடக்காவ. நீயும் ஒரு வருசமா வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்க. நாலு எடத்தப் பாத்தா மனசுக்கு நல்லதுன்னு நெனச்சேன்.

– பொறவென்ன, எந்திரிங்க. சினிமாதான.

– இது சினிமா இல்ல ஏட்டி. மூணு பக்கமும் வளைச்சுத் திரை கட்டிருப்பான். ஜீப்புல மலை ஏறுத மாதிரி காட்டிக்கிட்டே நாற்காலியப் பிடிச்சு ஆட்டுவான். எனக்கு அதெல்லாம் ஆவாது, பாத்துக்க.

– இருவது வருசமா புளியங்குடியிலருந்து எலுமிச்சம்பழ லோடு ஏத்தி, மலையத் தாண்டிப் போற டிரைவருக்கு இது ஆவாதா? தென்காசி பஸ் ஸ்டாண்டு வரதுக்குள்ள வாந்தி எடுக்குதவ நான். நானே போறேன்.

– சரி சரி, வாரேன். ஒனக்காவ. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும் தாயி. வெள்ளிக்கெழம வந்தா பிச்சுமணி செத்து வருசம் திரும்புது. நான் முன்ன நிக்கேன். இதே அருவிக்கரையில பிள்ளை கையால ஒரு தெவசம் குடுத்துருவோம். என்ன சொல்லுத?

– அந்தப் பேச்ச எடுக்காதியன்னு சொன்னேம்லா.

– செத்தவன் பாவம் உலகு. ஒம் புருசன்.

– செத்தது அவரு மட்டுமா? ஸ்கூட்டர்ல போன அந்தப் பொம்பளப்பிள்ள செத்துச்சே, இடுப்புல கைக்கொழந்தையோட. அதுக்கு யாரு தெவசம் குடுப்பா? ஒங்க லாரியில கிளீனரா போன ஆளு கிளீனராவே வரவேண்டியதுதான. லைசென்சு இல்லாத மனுசனுக்கு மழையில, மலையில, ஸ்டியரிங்கத் தொட என்ன துணிச்சல்?

– விதி.

– விதியா? பள்ளிக்கூடத்துல எம்மவள கொலைகாரன் மவளுன்னு சொல்லுதாவ. அழுதுக்கிட்டு வருது. அவரு போட்டோவ நான் செவுத்துலருந்து எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால கவுத்திப் போட்டிருக்கேன். அங்கனயே கெடக்கட்டும்.

– பாவம் தாயி. மாட்டிவையி.

– நீங்க ஒருத்தர்தான் அண்ணே அவருக்காவ பேசுதிய. அந்த லாரியில நீங்களும் சாவப் பாத்திய. அப்பமும் அவர ஒரு வார்த்த ஏசல. சாமி மாதிரி இருக்கிய. எனக்கு அந்த மனசு வரல.

– அப்படியெல்லாம் சொல்லாத.

– திங்கக்கெழம கோர்ட்டுல ஒங்க சாட்சிதான? நானும் வாரேன். அந்த ஸ்கூட்டர் பிள்ளையோட அம்மா வருவாவல்லா, அவிய கால்ல விழணும். எம் புருசன் செஞ்ச பாவத்த எம் மக தலையில எறக்கிராதிய தாயின்னு கேக்கணும்.

– நீ எதுக்கு அங்க? அவிய என்ன பேசுவாவளோ. வேண்டாம், வராத.

– பேசட்டும். வாங்கிக்கிடுதேன்.

– சார், மேடம், உள்ள வாங்க, ஷோ ஆரம்பிக்கப் போவுது. எம் பேரு ஜோஷ்வா. ஏதாவதுன்னா கையத் தூக்குங்க, வந்துருவேன். தல சுத்துத ஆளுங்க கடைசி வரிசையில நடுவுல உக்காந்துக்கோங்க. முன்னால போயிராதீங்க, திரை மேல வந்து விழுத மாதிரி இருக்கும்.

– கேட்டியளா அண்ணே? நடுவுல உக்காருங்க. தலைய நல்லா சாய்ச்சு வைங்க, அங்கயும் இங்கயும் திருப்பாதிய. மூச்ச மெதுவா இழுத்து விடணும். கூடுதலா ஆச்சுன்னா திரையப் பாக்கவே பாக்காதிய. அந்தா, வாசலுக்கு மேல பச்ச லைட்டு எரியுதுல்லா, அதப் பாருங்க. அசையாததப் பாத்தா அடங்கிரும்.

– இதெல்லாம் எங்கன படிச்ச?

– அவரு சொல்லிக் குடுத்தது.

– பிச்சுமணியா?

– கல்யாணமான புதுசுல பாபநாசத்துக்குப் போனோம். பஸ்ஸு கெளம்புன நேரத்துலருந்து எனக்கு ஓங்கரிச்சுக்கிட்டு வருது. எலுமிச்சம்பழத்த நகத்தால கீறி மூக்குக்கிட்ட பிடிச்சுக்கிட்டே வந்தாரு. மரத்தப் பாக்காத உலகு, அது ஓடுது. மலையப் பாரு, அது அசையாது, அதையே பாருன்னு சொன்னாரு. ஊரு போயிச் சேருத வரைக்கும் வச்ச கைய எடுக்கல. அப்படிப்பட்ட மனுசன் போயி... சரி, விடுங்க. இந்தாங்க, பையில ஒரு பழம் வச்சிருக்கேன். மோந்துக்கிடுங்க.

– அத உள்ள வையி.

– நல்லதுக்குத்தான...

– உள்ள வையின்னு சொல்லுதேம்லா! அன்னைக்கு ரோடு பூரா எலுமிச்சம்பழம் நசுங்கிக் கெடந்துது. அந்த வாசத்துல எனக்கு வேற என்னென்னமோ வருது. வீட்டுல சோத்துல பிழியவே விடமாட்டேன், ஒம் மைனிட்ட கேட்டுப்பாரு.

– சரி சரி. வச்சுட்டேன். லைட்ட அணைச்சுட்டான், நேரா இருங்க.

*

– என்னண்ணே, காலப் போட்டு இந்த மிதி மிதிக்கிய? முன் சீட்டு ஆளு திரும்பிப் பாக்காரு.

– பிரேக்கு.

– இதுல ஏது பிரேக்கு? தரைதான இருக்கு.

– இந்தப் பய தப்பா ஓட்டுதான் உலகு. எறக்கத்துல இம்புட்டு வேகமா வந்து வளைக்கலாமா? கியரக் கொறைக்கணும். கொறைலே, கொறை...

– படம்ணே. அவன் எடுத்ததத்தான் காட்டுதான்.

– அய்யோ, கொமட்டுது.

– பச்ச லைட்டப் பாருங்க.

– நாற்காலியே ஆடுது, லைட்டு எங்க நிக்கி?

– அப்பொ கண்ண மூடுங்க.

– மூடிப் பாத்துட்டேன். மூடுனா இன்னும் கூடுதலா வருது. ஏட்டி, அந்தத் தம்பியக் கூப்பிடு, சீக்கிரம்.

– தம்பி, ஜோஷ்வா தம்பி! இங்கன கொஞ்சம் வாங்க!

*

– பரவால்ல சார், வெக்கப்படாதீங்க. இங்க தெனமும் நடக்கதுதான். இந்தாங்க தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா குடிங்க, மடக்கு மடக்குன்னு குடிக்காதீங்க. மழச் சாரல் மூஞ்சில படுத மாதிரி இந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க. நான் உள்ள போறேன் மேடம், முடியலன்னா கூப்பிடுங்க.

– சரி தம்பி, நீங்க போங்க. அண்ணே, இன்னும் வருதா?

– வந்ததெல்லாம் வந்துட்டு. நெஞ்சுதான் வலிக்கி. ஓங்கரிச்சா லாரியில பட்ட அந்த அடி எழும்பிருது.

– எலும்பு கூடி இம்புட்டு நாளாவியுமா?

– மழைக்காலத்துல தெரியும்.

– நாந்தான் தப்பு பண்ணிட்டேன். வரமாட்டேன்னு சொன்ன ஆளப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன்.

– நீ என்ன பண்ணுவ, விடு.

– இத வெளிய சொல்லிராதியண்ணே. பொம்ம ஜீப்புல உக்காந்து டிரைவர் நாகராஜன் வாந்தி எடுத்தாருன்னு தெரிஞ்சா, புளியங்குடி கமிசன் கடைக்காரனுவ வருசம் பூராவும் சொல்லிச் சிரிப்பானுவ.

– சிரிக்கட்டுமே. வண்டி ஓட்டுதவன் எவனையும் கேட்டுப்பாரு. ஸ்டியரிங் கையில இருந்தா ஒண்ணும் செய்யாது. வளைவு வரதுக்கு முன்னாலயே ஒடம்பு தானா சாஞ்சுக்கிடும். அடுத்தவன் ஓட்ட நம்ம சும்மா உக்காந்திருந்தா, கொடலு வாய்க்கு வந்துரும். சில பேருக்கு அப்படி. எனக்கு அது ரொம்பக் கூடுதல்.

– நெசமாவா? எனக்கு இது தெரியவே தெரியாதே.

– நான் யாருட்ட சொன்னேன்? டிரைவர்னு பேரு வச்சுக்கிட்டு இதச் சொல்ல முடியுமா? சித்தப்பா மவ கல்யாணத்துக்கு கொடைக்கானலுக்கு வேன் பிடிச்சுப் போனோம்லா. அந்த வேன்காரன்ட்ட சண்ட போட்டு நாந்தான ஓட்டுனேன்? பெருமைக்கு ஓட்டுதான்னுதான எல்லாரும் ஏசுனிய?

– நானும் ஏசுனேன்.

– பெருமையில்ல. மலையேத்தத்துல என்னால உக்காந்து வர முடியாது. சமதரைன்னா எப்படியும் பல்லக் கடிச்சுக்கிட்டு வந்துருவேன். மலையில அறவே ஆவாது.

– தூங்கிட்டா தெரியாதுல்லா? எனக்கு அப்படித்தான். தூங்கிட்டா ஒண்ணும் தெரியாது.

– எங்கன தூங்க? கண்ண மூடுனா என்ன ஆச்சுன்னு இப்பம்தான் பாத்தியே. இத்தன வருசத்துல மலைப்பாதையில எடப்பக்க சீட்டுல உக்காந்து நான் ஒரு கண்ணு மூடுனது கெடையாது. ஸ்டியரிங்க ஒருத்தன்ட்ட குடுத்ததும் கெடையாது. நாகராஜன் வண்டின்னா நாகராஜன்தான் ஓட்டுவான், பாத்துக்க.

– மலையில கண்ணு மூடுனதே கெடையாது.

– மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு? ஒனக்கும் தல சுத்துதா? அந்தத் தம்பியக் கூப்பிடவா?

– எனக்குச் சுத்தல. இம்புட்டு நாளும் சுத்திக்கிட்டு கெடந்தது இப்பம்தான் நிக்கி.

– என்ன சொல்லுத? சரி, நீ இரு, நான் போயி பிள்ளையவும் ஒம் மைனியவும் கூட்டிட்டு வாரேன். நேரமாச்சு.

– உக்காருங்க.

– மழ வேற வலுக்குது ஏட்டி.

– உக்காருங்கண்ணே. அன்னைக்கி லாரி மோதுன ஆரியங்காவு எறக்கம் மலைதான?

– ...மலைதான். எதுக்குக் கேக்க?

– நீங்க போலீசுல சொன்னத நான் ஒவ்வொரு நாளும் சொல்லிப் பாப்பேன். "எனக்கு அசந்துட்டு. மாப்பிள்ளைட்ட ஸ்டியரிங்கக் குடுத்துட்டு எடப்பக்க சீட்டுல தூங்கிட்டேன். சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்." இதச் சொல்லிச் சொல்லித்தான் அந்த மனுசன ஏசுனேன். இதச் சொல்லித்தான் போட்டோவக் கவுத்துனேன். அவரு பேருக்கு ஒரு வாய்த் தண்ணி விட மாட்டேன்னுட்டேன்.

– உலகு, இங்க பாரு தாயி. அன்னைக்கி மட்டும்...

– அன்னைக்கி மட்டும் என்ன? அன்னைக்கி மட்டும் வாந்தி வரலியா?

– குடும்பம் இருக்கு உலகு. அவன்தான் போயிட்டானேன்னு...

– எங்கன பாக்கிய? பிள்ளை வருதான்னா? வரட்டும், அவளும் கேக்கட்டும்.

– எனக்குத் தல சுத்துது தாயி. சத்தியமா. என்னால முடியல.

– சுத்தும். கண்ண மூடாத. மூடுனா கூடுதலா வரும்னு நீதான சொன்ன. அசையாததப் பாரு. நான் அசையமாட்டேன், என்னையப் பாரு. பாத்துக்கிட்டே சொல்லு அண்ணே, அன்னைக்கி எடப்பக்க சீட்டுல தூங்கிக்கிட்டு வந்தது யாரு?